மெருகா, மெழுகா, அப்படியே விடுவதா? கடலோர வீட்டில் ஐயா காலத்துத் துப்பாக்கி

பரணில் இருந்து ஐயாவின் துப்பாக்கியை இறக்கியதும் வீட்டுக்குள் இரண்டு கட்சி வந்துவிடும். "எமரி போட்டு நல்லாத் தேய்ச்சு, கறுப்பு ஏத்திட்டா புதுசு மாதிரி ஆயிடும்" என்பது ஒன்று. "பெரியவங்க வச்சது வச்சபடி இருக்கட்டும், கை வைக்காதே" என்பது இன்னொன்று. தேவிப்பட்டினம், திருப்பாலைக்குடி, கீழக்கரை, ஏர்வாடி என்று கடலைப் பார்த்த ஊர்களில் இரண்டுமே துப்பாக்கியைக் கெடுக்கும் வழிதான். முதலாவது ஒரே நாளில் கெடுக்கும், இரண்டாவது மெதுவாகக் கெடுக்கும். உப்பை மட்டும் எடுத்துவிட்டு, இருக்கிற நிறத்தோடு மெழுகு பூசி மூடுவது மூன்றாவது வழி. நான் அந்தப் பக்கம். ஏன் என்று சொல்லுமுன் மற்ற இரண்டையும் அவற்றுக்கு உரிய மரியாதையோடு பார்த்துவிடலாம்.

எந்த மாதிரித் துப்பாக்கியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதும் முக்கியம். இந்தப் பக்கத்து வீடுகளில் இருப்பது பெரும்பாலும் 12 போர் (குழல் அளவு) ஒற்றைக்குழல் அல்லது இரட்டைக்குழல். அபூர்வமாக, வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய வகை. பயிர்ப் பாதுகாப்புக்கென்று உரிமம் வாங்கியவை, கண்மாயில் வாத்தும் உள்ளானும் சுட்டவை. 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் இப்போது அந்த வேட்டைக்கு வேலை இல்லை. நம் ராமநாதபுரம் மாவட்டத்துப் பறவைச் சரணாலயங்களான சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022-இல் ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியலிலேயே சேர்ந்துவிட்டன. ஆக, இனி சுடப்போவதில்லை, குடும்பத்து நினைவாக வைத்துக்கொள்ளப் போகிறோம். சுடப்போகிற துப்பாக்கிக்கு ஒரு பராமரிப்பு, நினைவாக வைக்கிற துப்பாக்கிக்கு வேறு பராமரிப்பு. கடைக்காரர் சொல்லும் யோசனைகளில் பாதி முதல் வகைக்கானவை.

துணியைக் கையில் எடுக்குமுன் காகிதம். உரிமம் யார் பேரில் இருக்கிறது, அவர் உயிரோடு இருக்கிறாரா என்று பாருங்கள். உரிமதாரர் காலமாகிவிட்டால் அந்தத் துப்பாக்கி வீட்டில் இருப்பதே சட்டப்படி சரியில்லை. தாமதிக்காமல் பக்கத்துக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். அப்புறம்தான் வாரிசு பேரில் கலெக்டர் ஆபீஸில் மனு. 2016-ஆம் வருஷத்து ஆயுத விதிகள் வாரிசுக்கு உரிமம் தர வழி வைத்திருக்கின்றன. உரிமதாரருக்கு 70 வயது ஆனாலோ, துப்பாக்கியை 25 வருஷம் வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசைக் காட்டி மாற்றலாம். வீட்டில் பெரியவர் இருக்கிறார் என்றால் இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். பின்னால் நாலு அண்ணன் தம்பிகளிடம் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்து வாங்க அலைவது சின்ன வேலை இல்லை. 2019 ஆயுதச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஒரு ஆள் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது, பரம்பரைச் சொத்தாக வந்தாலும் சரி. வாரிசுக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும்.

"இது சுடவே சுடாது, காட்சிப் பொருள்தானே?" என்று கேட்பார்கள். ரிப்பேர் பார்த்தாலும் சுட முடியாத, வழக்கொழிந்த பழைய வகைக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு, உண்மைதான். ஆனால் அது அந்த வகையா இல்லையா என்று தீர்மானிக்கும் ஆள் நீங்களோ நானோ இல்லை. எழுத்தில் வாங்காதவரை அதை உரிமம் வேண்டிய துப்பாக்கி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பது. மடக்கித் திறக்கும் வகை என்றால் எளிது: வாயை ஆள் இல்லாத பக்கம் வைத்து, விசையில் விரல் படாமல் திறந்து, இரண்டு அறையும் காலியா என்று கண்ணால் பாருங்கள். வாய்வழி மருந்து கெட்டிக்கும் வகைதான் ஆபத்து. ஐயா கடைசியாகக் கெட்டித்து வைத்தது அப்படியே உள்ளே கிடக்கலாம், கரிமருந்து வருஷக்கணக்கில் உயிரோடு இருக்கும். முகத்தை வாய்க்கு நேராகக் கொண்டுபோகாமல், பக்கவாட்டில் நின்று ஒரு மெல்லிய மரக்குச்சியை மெதுவாக உள்ளே விட்டு, வாய் விளிம்பில் குச்சியில் ஒரு கோடு போடுங்கள். வெளியே எடுத்துக் குழலின் மேலேயே வைத்துப் பாருங்கள். குச்சி நுனி, அடியில் தீ போகும் துளை வரைக்கும் எட்டினால் காலி. நாலு விரல்கடை முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே சரக்கு இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு உங்கள் வேலை முடிந்தது. குத்தி எடுக்கவோ தண்ணீர் ஊற்றவோ வேண்டாம், காவல் நிலையத்துக்கோ உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக்குக்கோ தகவல் சொல்லுங்கள்.

சரி, இப்போது அந்த மூன்று வழிகள்.

அப்படியே விடுவது என்ற யோசனை திண்டுக்கல்லிலோ தேனியிலோ ஓரளவு நடக்கும். இங்கே நடக்காததற்குக் காரணம் ஈரம் மட்டும் இல்லை, ஈரத்தோடு வரும் உப்பு. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஜன்னல் கம்பியைத் தடவினால் விரலில் பிசுக்கென்று ஒட்டுமே, அதேதான் பரணிலும் படிகிறது. சோற்றுப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே தானாகத் தண்ணீரை இழுத்துக் கரையும். ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கரையில் காற்று அந்த அளவைத் தாண்டுவது ரொம்ப சாதாரணம். மழைத்துளியே படாமல், மூடிய அறைக்குள் இரும்பின்மேல் ஒரு உப்புத் தண்ணீர்ப் படலம் உருவாகிவிடும். பாம்பனில் 1914 முதல் நின்ற பழைய ரயில் பாலத்துக்கு விடாமல் பெயிண்ட் அடித்துக்கொண்டே இருந்ததும், 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பியும் பாலிசிலாக்ஸேன் பூச்சும் போட்டதும் இதே காற்றுக்குப் பயந்துதான். பரணில் பழைய சேலையில் சுற்றிய துப்பாக்கி என்ன செய்யும்? அந்தத் துணியே உப்பையும் ஈரத்தையும் பிடித்து வைத்து ஊட்டும்.

மெருகு போடும் கட்சியின் வாதம் வேறு மாதிரி. துருவை அடியோடு எடுத்தால்தான் மேலே பரவாது, மறுபடி கறுப்பு ஏற்றினால் அதுவே பாதுகாப்பு என்பார்கள். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் பழைய குழலின் பழுப்பும் நீலக்கறுப்புமே தொழிற்சாலையில் கட்டுப்படுத்தி ஏற்றிய ஒருவகைத் துருதான். எமரி தாளுக்கு அதுவும் தெரியாது, நேற்று வந்த செந்துருவும் தெரியாது, இரண்டையும் சேர்த்து வழிக்கும். கூடவே போவது குழலில் குத்திய சோதனை முத்திரைகள், தயாரிப்பாளர் பெயர், எண். விலை போவது ஒரு பக்கம். துப்பாக்கியின் அடையாள எண்ணை அழிப்பது ஆயுதச் சட்டத்தின் 8-ஆவது பிரிவில் குற்றம். உரிமப் புத்தகத்தில் இருக்கும் எண் குழலில் இல்லை என்றால், "பாலிஷ் போட்டேன் சார்" என்ற பதில் எடுபடாது.

இரட்டைக்குழலுக்கு இன்னொரு கஷ்டம். இரண்டு குழலுக்கும் நடுவில் ஓடும் பட்டை ஈயப் பற்று வைத்து ஒட்டியது. இப்போது வேகமாகக் கறுப்பு ஏற்ற, காஸ்டிக் சோடா கலந்த கொதிக்கும் கரைசலில் முக்குவார்கள். அது அந்தப் பற்றை அரித்துவிடும், பட்டை கழன்று வரும். பழைய குழலில் பாம்புத்தோல் மாதிரி வரிவரியாகத் தெரிந்தால் அது இரும்பையும் எஃகையும் முறுக்கிச் செய்த டமாஸ்கஸ் குழலாக இருக்கலாம். அதைத் தேய்ப்பது பாவம், அதில் இன்றைய தோட்டாவைப் போட்டுச் சுடுவது உயிருக்கு ஆபத்து. பட்டறை ஆசாரியிடம் கொடுத்து ஒட்டுப் போடுவதோ, குதிரையை (விசையை இழுத்ததும் அடிக்கும் சுத்தியலை) சரி பண்ணுவதோ சுத்தம் செய்வதில் சேராது, அது ரிப்பேர். ரிப்பேருக்கு அந்த ஆளிடம் ஆயுத உரிமம் இருக்க வேண்டும். எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் இல்லை என்றால் இல்லைதான்.

மெருகை எப்போது ஒப்புக்கொள்வேன்? கறுப்பு ஏற்கெனவே முழுசாகப் போய், யாரோ முன்னமே ஒருதரம் எமரி போட்டுத் தீர்த்துவிட்ட துப்பாக்கி என்றால், உரிமம் உள்ள கடையில் மெதுவாகத் துருவேற்றிக் கறுக்கும் பழைய முறையில் செய்யச் சொல்லலாம். அதற்குச் செலவும் நாளும் பிடிக்கும். மற்றபடி வேண்டாம்.

மூன்றாவது வழியில் வேலை குறைவு, பொறுமை அதிகம். மடக்கும் வகையில் முன்கட்டையைக் கழற்றினால் குழல் தனியாக வந்துவிடும். அதற்கு மேல் எந்தத் திருகாணியையும் தொட வேண்டாம். பழைய துப்பாக்கித் திருகாணியின் வெட்டு மெலிசு, நம் வீட்டு ஸ்க்ரூடிரைவர் அதில் உட்காராமல் வழுக்கி, தலையைச் சிதைத்துவிடும்.

குழலுக்குள் பழைய கரிமருந்தின் கசடும், அந்தக் காலத்துத் தோட்டாக் கேப்பு விட்டுப்போன உப்பும் இருக்கும். இவை எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டே இருந்தும் சிலருக்கு உள்ளே துரு வந்துகொண்டே இருப்பது இதனால்தான். குழலுக்குத் தண்ணீரா என்று பயப்படுவார்கள். பயப்பட வேண்டியது எந்தத் தண்ணீர் என்பதற்கு. நம் ஊர் போர்வெல் தண்ணீரை ஊற்றினால், எடுக்க வந்த உப்பைத் திரும்பப் போட்டதாகத்தான் ஆகும். காவிரிக் குழாய்த் தண்ணீர் பரவாயில்லை என்றாலும், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு கேன் வாங்கிவிடுங்கள் (ஆசிட் கேனும் பக்கத்திலேயே இருக்கும், லேபிளைப் பார்த்து வாங்குங்கள்). சூடாக்கிக் கழற்றிய குழலுக்குள் ஊற்றி, கஞ்சி போடாத வேட்டித் துணியை மரக்கோலில் சுற்றி இழுங்கள். முதலில் கறுப்பாக வரும், அப்புறம் தேநீர் நிறம், அப்புறம் சும்மா ஈரமாக வரும். அதோடு நிறுத்தி, உடனே துடைத்து, உச்சி வெயிலில் முற்றத்தில் காய வையுங்கள். குழலை மட்டும். மரக்கட்டையை வெயிலில் போட்டால் வெடித்துவிடும். மொட்டைமாடியில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாமல் கூடவே உட்காருங்கள். நாலு தெருவுக்குக் கதை போகும்.

வெளியே உள்ள துருவில் எதை எடுப்பது, எதை விடுவது? வெள்ளைத் துணியில் கொஞ்சம் மெஷின் எண்ணெய் தொட்டுத் தடவுங்கள். செம்மண் தூள் மாதிரி துணியில் ஒட்டினால் அது ஓடிக்கொண்டிருக்கும் துரு, எடுக்க வேண்டியது. கரும்பழுப்பாக வழவழவென்று இருந்து, துணியில் எதுவும் ஒட்டவில்லை என்றால் அது உறங்கிய துரு, விட்டுவிடலாம். எடுக்க வேண்டிய இடத்தில் எண்ணெயை நிற்கவிட்டு ஒருநாள் ஊற வைத்து, பழைய செம்புக் காலணாவின் விளிம்பால் சுரண்டுங்கள். செம்பு எஃகைவிட மென்மை என்பதால் துருச் செதில் பெயர்ந்து வரும், குழலில் கீறல் விழாது. அதற்கும் மசியாவிட்டால் நாலு சைபர் (0000) ஸ்டீல் உல், அதாவது மிக நைசான இரும்புப் பஞ்சு, எண்ணெயோடு, அந்தப் பொட்டில் மட்டும். பாத்திரம் தேய்க்கும் ஸ்க்ரப்பரை இந்த அறைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். புளி குத்துவிளக்குக்குச் சரி. இரும்பில் அதன் அமிலம் குழிகளில் தங்கி, அடுத்த மழைக்குப் புதுத் துருவைக் கிளப்பும்.

சுத்தம் முடிந்ததும் எதைப் பூசுவது என்பதில்தான் ஊரில் அதிகச் சண்டை. "மச்சான், நான் தேங்காயெண்ணெய்தான் போடுறேன், பளபளன்னு இருக்கு" என்று என் அத்தை மகன் சொல்வான். இருக்கும், கொஞ்ச நாளைக்கு. அப்புறம் காறல் வாடை வரும். காறின எண்ணெயில் உருவாகும் கொழுப்பு அமிலம் உலோகத்தை மெதுவாக அரிக்கும், எறும்பும் கரப்பானும் வேறு. நல்லெண்ணெய் இன்னும் மோசம், காய்ந்து பிசினாகி விசைப்பகுதியை ஒட்டிவிடும். கை மருந்து மாதிரி எல்லோரும் அடிக்கும் டபிள்யூடி-40, பெயரிலேயே சொல்வதுபோல நீரை விரட்டும் 40-ஆவது கலவை. 1953-இல் அதற்காகவே செய்தது. ஈரம் பட்டதும் விரட்ட அருமையானது, ஆனால் அதில் பெரும்பகுதி ஆவியாகிப் போய் மெல்லிய படலம்தான் மிஞ்சும். அதை நம்பி ஒரு வாடைக்காலத்தைத் தாண்ட முடியாது.

படகு என்ஜினுக்குப் போடும் கிரீஸ் இந்தக் கரைக்கே உரியது, உப்புக்கு நன்றாகத் தாங்கும். நீண்ட காலம் எடுக்கவே போவதில்லை என்றால் அது மோசமான யோசனை இல்லை. ஆனால் மண்ணும் தூசியும் அப்பிக்கொள்ளும், மரக்கட்டையில் ஊறிக் கறுப்பாக்கும். குழலுக்குள் போட்டுவிட்டு மறந்தால், பின்னால் யாராவது சுடும்போது குழல் பிளக்கும். பழைய என்ஜின் ஆயிலை மட்டும் தொடவே வேண்டாம், ஓடித் தேய்ந்த எண்ணெயில் அமிலம் இருக்கும்.

மெஷின் எண்ணெயோ துப்பாக்கி எண்ணெயோ நல்லதுதான், ஆனால் கைபட்டால் போய்விடும். நம் ஊரில் துப்பாக்கி சும்மா இருப்பதில்லை. ஒவ்வொரு தேர்தல் அறிவிப்புக்கும் காவல் நிலையத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. அங்கே சீட்டுக் கட்டி வரிசையாகச் சாத்தி வைத்திருப்பார்கள், எத்தனையோ கை பட்டுத்தான் திரும்பி வரும். எண்ணெய் துடைந்த இடத்தில் விரல் வியர்வை, அதன்மேல் உப்புக்காற்று. வந்து பார்த்தால் விரல்ரேகை அச்சு அச்சாகத் துரு.

மெழுகு ஜெயிப்பது இங்கேதான். அருங்காட்சியகங்கள் பயன்படுத்தும் நுண்படிக மெழுகு, ரினைசன்ஸ் வாக்ஸ் என்ற பெயரில் கிடைப்பது, பிரிட்டிஷ் மியூசியம் ஆய்வகத்தில் உருவானது. காய்ந்தபின் கையில் ஒட்டாது, தூசி பிடிக்காது, அமிலம் இல்லை, மரத்துக்கும் பித்தளைக்கும் அதுவே போதும், வேண்டாம் என்றால் வெள்ளை ஸ்பிரிட்டில் துடைத்து எடுத்துவிடலாம். விலை உறைக்கும். ஆனால் ஒருமுறைக்குச் செலவாவது மிளகளவு என்பதால் ஒரு டின் பல வருஷம் வரும். தேன்மெழுகு மலிவு, ஆனால் அதில் இயல்பாகவே கொஞ்சம் அமிலம் உண்டு. கார் பாலிஷ் மெழுகில் தேய்க்கும் தூள் கலந்திருக்கலாம். குழலை வெயிலில் வெதுவெதுப்பாக்கி, துணியில் தொட்டு மெலிசாகப் பூசி, சற்று நேரம் விட்டுத் தேய்த்து, மறுபடி ஒருமுறை பூசுங்கள். குழலின் உள்பக்கத்துக்கும் விசைப்பகுதிக்கும் மட்டும் துப்பாக்கி எண்ணெய், அதுவும் ஒரு சொட்டு இரண்டு சொட்டு. மெழுகின் குறை ஒன்றுதான்: அடியில் உப்பை விட்டுவிட்டு மேலே பூசினால், உள்ளே துரு ஓடுவது வெளியே தெரியாது.

கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் போடும் வழக்கம் உண்டு. வருஷா வருஷம் போட்டால் கறுத்துப் பிசுபிசுப்பாகும். காய்ந்து வெளுத்த கட்டைக்கு ஒரே ஒருமுறை, மெலிசாகப் போடலாம். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள், அது தானாகச் சூடாகித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட்டு அப்புறம் எறியுங்கள்.

வைக்கும் இடத்தில் தோல் உறைதான் முதல் எதிரி, ரெக்சின் பையும் ஸ்பாஞ்சும் அடுத்தது. மூன்றுமே ஈரத்தைப் பிடித்து வைக்கும். பூட்டுள்ள ஸ்டீல் பீரோ, வீட்டின் நடு அறையில், கடல் பக்கச் சுவரில் ஒட்டாமல் வைத்தால் நல்லது. சிலர் உள்ளே சின்ன பல்பு எரியவிடுவார்கள், அதுவும் வேலை செய்யும், ஆனால் புயல் மழையில் கரண்ட் போகும் நாளில்தான் அது தேவைப்படும். எனக்கு சிலிகா ஜெல் பிடிக்கும்: நிறம் மாறியதும் எடுத்து அடுப்பில் காய வைத்துத் திரும்ப வைக்கலாம். ரொம்ப உலர வைத்தாலும் கட்டை வெடிக்கும் என்பதால், சின்ன ஈரப்பத மீட்டர் ஒன்று வாங்கி 45 முதல் 50 சதவீதத்துக்குள் வைக்கப் பாருங்கள். ஏ.சி. அறையில் வைப்பது நல்ல யோசனை மாதிரி தெரியும். குளிர்ந்த இரும்பை வெளியே எடுத்ததும் முத்து முத்தாக வேர்க்கும், அதைத் துடைக்க யாரும் நினைப்பதில்லை. நிறுத்தி வைப்பதானால் வாய் கீழே இருக்கட்டும், எண்ணெய் கட்டைக்குள் இறங்காது. தோட்டா இருந்தால் அதற்குத் தனிப் பூட்டு.

இவ்வளவும் யார் பார்ப்பது என்றால்தான் நாலாவது வழி. பிள்ளைகள் சென்னையிலும் வளைகுடாவிலும், வீட்டில் வயதானவர்கள் மட்டும் என்றால், உரிமத்தைப் புதுப்பித்துக்கொண்டே மதுரைப் பக்கம் உரிமம் பெற்ற கடையில் பாதுகாப்புக்கு விட்டுவிடலாம். வாடகை உண்டு, ஆனால் உப்புக்காற்று இல்லை, திருட்டுப் பயம் இல்லை. விடும்போது எண் தெரியும்படி இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து, ரசீதில் நிலையைக் குறிக்கச் சொல்லுங்கள். மெழுகு பூசிய பிறகு விடுங்கள், கடையில் எண்ணெய் போடுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். உரிமப் புதுப்பிப்புக்கு வரும்போது எடுத்துப் பார்த்து, மெழுகு மங்கிய இடத்தில் மட்டும் இன்னொரு கை பூசினால் போதும்.